விலை குறைந்த டீத்தூளோடு நான் பட்ட ஏழு மாதப் பாடு

வேலை போன வாரத்தில் நான் முதலில் கை வைத்தது டீச்செலவில்தான். ஒரு நாளைக்கு ஐந்து கப் குடிக்கிற ஆள் நான். பதினோரு வருடமாக ஒரே டீ. நீளமாகச் சுருண்ட இலை, தகர டப்பாவில் வரும், மூடியைத் திறந்தாலே ஒரு பூ வாசனை எழும். வருமானம் நின்ற பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால் வாடகையைத் தொட முடியாது, மருந்தைத் தொட முடியாது, கடன் தவணையைத் தொட முடியாது. தொட முடிந்த சில செலவுகளில் இந்த டப்பா ஒன்று. சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரிலேயே அடைத்து விற்கும் டீத்தூள், எடைக்கு எடை பார்த்தால் என் டப்பா டீயின் விலையில் கால்வாசிதான். கால் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை போட்ட முதல் கப்பை இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. நாக்கைப் பிடித்து இழுப்பது போன்ற துவர்ப்பு, தொண்டைக்குள் இறங்கிய பிறகும் போகாத கசப்பு. கொட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். வேலை போனபோதுகூட வராத அழுகை அந்தக் கப்புக்கு வந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அதற்குப் பிறகு ஏழு மாதம் இந்த ஒரு விஷயத்தில் நான் தனியாகத் தடுமாறினேன். ஒன்றரை கிலோவுக்குக் குறையாத தூளைக் குப்பையில் போட்டேன். தாங்க முடியாமல் இரண்டு முறை பழைய டப்பாவையே வாங்கி, மிச்சம் பிடித்ததை எல்லாம் இழந்தேன். கடைசியில் தெரிந்தது என்னவென்றால், நான் குப்பையில் போட்டதில் பெரும்பகுதி நல்ல டீ. அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், மனசும் இவ்வளவு நொந்திருக்காது.

முதல் தவறு கரண்டியில் இருந்தது. பெரிய இலைக்கு நான் ஒரு கப்புக்கு ஒன்றரை டீஸ்பூன் போடுவேன், ஐந்து நிமிடம் ஊற விடுவேன். அதே ஒன்றரை கரண்டியை இந்தத் தூளுக்கும் போட்டேன், அதே ஐந்து நிமிடம் விட்டேன். பல மாதம் கழித்துச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுருண்ட இலை கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும். என் கரண்டிக்கு அது 2 கிராம்தான். சின்னச் சின்ன மணியாக உள்ள தூள் நெருங்கி உட்காரும். அதே கரண்டிக்கு மூன்றரை கிராம் வந்தது. அதாவது 3 கிராம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஐந்து கிராமுக்கு மேல் போட்டிருக்கிறேன். அதுவும், இலையைவிடப் பல மடங்கு வேகமாகச் சாறு இறங்கும் தூளை, இலைக்கு விடும் அதே நேரம் ஊற விட்டிருக்கிறேன். எந்த டீயாக இருந்தாலும் அப்படிச் செய்தால் குடிக்க முடியாது.

அந்த மணி மணியான தூள் எப்படி வருகிறது என்று அறிந்த பிறகு அதன் மேல் இருந்த இளக்காரம் எனக்குப் போய்விட்டது. தேயிலையை வாட்டி, உருட்டி, காற்றுப் பட்டுக் கறுக்க விட்டு, பிறகு சூட்டில் உலர்த்துவது பழைய முறை. 1930களில் அஸ்ஸாமில் இன்னொரு முறை வந்தது. பற்கள் வைத்த உருளைகளுக்கு இடையே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பார்கள். சி.டி.சி. என்று சொல்வது இதைத்தான். கென்யாவில் விளையும் டீயில் பெரும்பகுதியும், இந்திய டீயில் பெரும்பகுதியும் இந்த முறையில்தான் தயாராகிறது. இலையின் செல்கள் நன்றாக உடைவதால் நிறமும் திடமும் சீக்கிரம் இறங்கும், பாலைத் தாங்கும். ‘டஸ்ட்’ என்ற பெயரைப் பார்த்துத் தொழிற்சாலைத் தரையைக் கூட்டி அள்ளியது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது சல்லடையில் பிரிக்கும்போது கிடைக்கும் அளவின் பெயர். ஆரஞ்சு பெக்கோ என்று பெட்டியில் பெருமையாக எழுதியிருப்பதும் இலையின் அளவைச் சொல்வதுதான், ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. இந்தப் பெயர்களைப் பார்த்து இது ருசி, இது மட்டம் என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்துப் பெரிய இலையைவிட எவ்வளவோ மேல்.

இது எதுவும் தெரியாத அந்த முதல் மாதத்தில் நான் செய்தது, கசப்பை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டியது. பழைய டீக்கு அரைக் கரண்டி போட்ட நான், இதற்கு இரண்டரை கரண்டி போட ஆரம்பித்தேன். ஐந்து கப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முகம் ஊதி, இடுப்புத் துணி இறுகிய பிறகுதான் நிறுத்தினேன். கசக்கிறது என்று சர்க்கரையைத் தொடுவதற்கு முன்னால் தூளைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். எனக்கு ஒத்துவந்த அளவு, 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், பால் இல்லாமல் குடிப்பதென்றால் இரண்டு நிமிடம், பால் சேர்ப்பதென்றால் மூன்று. நேரம் ஆனதும் முழுவதும் வடித்துவிட வேண்டும். தூள் அடியில் கிடக்கும் பாத்திரத்தில் மிச்ச டீயை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஊற்றினால், இரண்டாவது கப் கஷாயமாகத்தான் இருக்கும்.

கால் கிலோ இரண்டு வீணான பிறகு, தூள் வேண்டாம், டீ பேக் வாங்கலாம், அளவு அவர்களே போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வேறொரு கடையின் சொந்த பிராண்டு, 200 பை உள்ள பெரிய பெட்டி, தள்ளுபடியில் இருந்தது. பையின் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர எடையைப் பார்க்கவில்லை. மொத்த எடை 250 கிராம் என்று பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அப்படியானால் ஒரு பைக்கு 1.25 கிராம். வழக்கமாக ஒரு பையில் 2 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். என்னிடம் இருந்ததோ 350 மில்லி பிடிக்கும் பெரிய கோப்பை. ஒரு பை போட்டால் சாயத்தண்ணீர். அதனால் நீண்ட நேரம் ஊற விட்டு, கரண்டியால் பையைப் பிழிந்து பார்த்தேன். திடம் வரவில்லை, துவர்ப்பு மட்டும் வந்தது. இரண்டு பை போட்டால் சரியாக இருந்தது, ஆனால் அப்போது 200 பை 100 கோப்பைக்குத்தான். தள்ளுபடி என்று நான் நினைத்தது, கிராம் கணக்கில் பக்கத்தில் இருந்த சாதாரணப் பெட்டியைவிட விலை அதிகம். டீ வாங்கும்போது பை எத்தனை என்று பார்க்காதீர்கள், கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பெட்டிக் காசு தப்பியிருக்கும். அப்புறம், பையும் பாலும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். பால் தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிடும், சாறு இறங்காது. முதலில் டீ, அதற்குப் பிறகு பால்.

மூன்றாவது நஷ்டம்தான் பெரியது. ஒரு கிலோ மூட்டை வாங்கினால் இன்னும் மலிவு என்று வாங்கினேன். முதல் வாரம் அந்த டீ உண்மையிலேயே நன்றாக இருந்தது. அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடிச் சாடியில் கொட்டி, அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில், வெயில் படும் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் மசாலாப் பொடி டப்பாக்கள், கீழ்த் தட்டில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. ஆறு வாரத்தில் டீ செத்துப்போனது. நிறம் மங்கி, வைக்கோலை ஊற வைத்த தண்ணீர் போல ஆனது, பின்வாயில் லேசாகச் சோப்பு வாடை வேறு. தேயிலை ஈரத்தையும் வாசனையையும் பஞ்சு மாதிரி இழுக்கும். ஆவியும் வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது. கடை பிராண்டு டீ ஆறு வாரம்தான் தாங்கும் என்று நான் கடையின் மேல் பழி போட்டேன். பழி என் அலமாரியின் மேல் போட வேண்டியது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தூள் அப்படியே போனது. இப்போது நான் பெரிய பொதி வாங்கினால், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் போகாமல் கட்டி, இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைக்கிறேன். நாள் ஒன்றுக்கு 10 கிராம் கணக்கில் ஒரு கிலோ நூறு நாள் வரும். ஒரு நாளைக்கு ஒரு கப் மட்டும் குடிப்பவர் ஒரு கிலோ வாங்குவது மலிவே இல்லை.

அந்தக் கிலோவும் போன பிறகு எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. டீயே வேண்டாம் என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் மதியம் ஆரம்பித்த தலைவலி மூன்று நாள் இருந்தது. வேலைக்கான ஒரு நேர்காணல் அந்த மூன்று நாளுக்குள் வந்தது. கேள்வி காதில் விழுகிறது, பதில் வாய்க்கு வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. தலைவலிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்று நான் நானாக இல்லை. ஒரு கப் டீயில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். ஐந்து கப்பென்றால் 200க்கு மேல். பல வருடம் தினமும் அவ்வளவு போய்க்கொண்டிருந்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் சோர்வும் காட்டும். விட வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கப் என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். முக்கியமான நாள் எதுவும் பக்கத்தில் இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

அக்காவிடம் போனில் இதைச் சொல்லத் தொடங்கினேன். “ஒரு டீக்குப் போய் இப்படி மனசு உடையலாமா கண்ணு?” என்றாள். அன்போடுதான் கேட்டாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. பணம் குறைந்த காலத்தில் சின்ன விஷயங்கள்தான் நாளைத் தாங்கிப் பிடிக்கின்றன. காலையில் அந்த முதல் கப் நன்றாக இருந்தால் அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார முடியும். அதை வெளியே சொன்னால் அற்பமாகத் தெரியுமோ என்ற பயத்தில்தான் இவ்வளவு நாள் ஓடியது.

ஐந்தாவது மாதம்தான் முறையாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தராசு, கைக்கடிகாரம், ஒரே அளவுள்ள மூன்று வெள்ளைக் கோப்பைகள். தேயிலையைச் சுவை பார்த்துத் தரம் பிரிக்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அந்த அளவில் டீ மிகவும் கனமாக இருக்கும், குடிப்பதற்கான செய்முறை இல்லை அது, ஒரு டீயை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கானது. ஒரே முறையில் எல்லாவற்றையும் போட்டால் எதில் குறை இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். மிச்சம் இருந்த டப்பா டீ, இரண்டு கடை பிராண்டு, மூன்றையும் போட்டேன். கோப்பைக்கு அடியில் அடையாளச் சீட்டு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி, எது எது என்று சொல்லப் பார்த்தேன். பிறகு நான் குடிக்கும் அளவிலும் அதையே செய்தேன். பால் இல்லாமல் குடித்தபோது டப்பா டீயை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பால் சேர்த்துப் பத்து முறை பார்த்ததில் நாலு முறைதான் சரியாகச் சொன்னேன். இரண்டு முறை கடை பிராண்டைக் குடித்துவிட்டு ‘இதுதான் என் பழைய டீ’ என்று மனசார நம்பினேன். பதினோரு வருடம் அந்த டப்பாவுக்குப் பால் சேர்த்துத்தான் குடித்திருக்கிறேன். அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் அந்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தீர்ப்பு இதுதான். பூ வாசனைக்காக, பால் இல்லாமல், மெதுவாக உறிஞ்சிக் குடிப்பவருக்குக் கடை பிராண்டு அந்த இடத்தை நிரப்பாது, அவர் ஏமாற வேண்டாம். பாலோடு, திடமாக, நாளுக்கு நாலைந்து கப் குடிப்பவர் விலை கொடுத்து இலை வாங்குவது அந்த இலையின் நல்ல பக்கத்தைப் பாலில் மூடுவதுதான். கணக்கும் அதையே சொல்கிறது. எடைக்கு எடை விலை நான்கில் ஒன்று. ஆனால் இலை கப்புக்கு 3 கிராம் தேவைப்பட்ட இடத்தில் தூள் 2 கிராம் போதும். ஆக, கப் கணக்கில் ஆறில் ஒன்று. அது எப்படி இவ்வளவு மலிவாக வருகிறது என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. மொம்பாசா, கொழும்பு, கொல்கத்தா, குவாஹாத்தி, குன்னூர் போன்ற ஏல மையங்களில் டீ பெருமளவில் கைமாறுகிறது. பெரிய பிராண்டுக்குக் கலவை போடுபவர்களும் அங்கே வாங்குகிறார்கள், கடைகளுக்காக அடைத்துக் கொடுப்பவர்களும் அங்கே வாங்குகிறார்கள். பல தோட்டத்து டீயைக் கலந்து, ருசி வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது இருவருக்கும் பொதுவான வேலை. கடை பிராண்டில் விளம்பரச் செலவும் அலங்கார டப்பாவும் இல்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. வாடகை குறைந்த வீட்டுக்கு நான் நடுவில் மாறினேன். அங்கே அதே தூள், அதே அளவு, ஆனால் டீ மேலே பளபளவென்று ஒரு ஆடை, கோப்பை ஓரத்தில் பழுப்புக் கறை, ருசி மந்தம். தூளில் எண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று பயந்தேன். கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. வடிகட்டிய தண்ணீரில் போட்டதும் மறைந்தது. இன்னொரு நாள், வெயிலுக்காக ஒரு ஜாடி டீ போட்டுக் குளிரூட்டியில் வைத்தேன். காலையில் கலங்கிப் பால் கலந்த மாதிரி இருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டினேன். உண்மையில், திடமான டீ குளிர்ந்தால் காஃபினும் டீக்கு மினுமினுப்பைக் கொடுக்கும் தியாஃப்ளேவினும் ஒன்றோடொன்று பிணைந்து கலங்கும். சூடு செய்தால் மீண்டும் தெளியும். அது நல்ல சத்துள்ள டீக்கு அடையாளம்.

இதனால் எல்லாக் கடை பிராண்டும் நல்லது என்று சொல்லவில்லை. நான் வாங்கியதில் ஒன்று உண்மையிலேயே மோசம். ஊறிய தூளைக் கொட்டிப் பார்த்தால் நல்ல டீ செம்பு நிறத்தில் உயிரோடு இருக்கும், அது கரிக்கட்டை மாதிரி இருந்தது. நார் நாராகக் காம்பும் நிறைய. புதுப் பொதி பிரித்ததும் நான் இப்போது ஒரு வெள்ளைத் தாளை நனைத்து அதன் மேல் கொஞ்சம் தூளைத் தூவிச் சில நிமிடம் விட்டுத் தட்டிவிடுகிறேன். சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் தாளில் உடனே அடர்த்தியான கறை படியும். நல்ல தூள் குளிர்ந்த தண்ணீரில் அப்படிச் சட்டென்று நிறம் விடாது. ஒரு காந்தத்தையும் தூளுக்கு மேல் காட்டிப் பார்ப்பேன், இரும்புத் துகள் இருந்தால் ஒட்டும்.

உடம்பு விஷயம் ஒன்று பாக்கி. அந்த மாதங்களில் சாப்பாட்டை அளவாகச் சாப்பிட்டு, பசியை அடக்கச் சாப்பிட்டவுடன் டீ குடித்தேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைந்திருந்தது. தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும், உணவுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்றார் மருத்துவர். இது விலை உயர்ந்த டீக்கும் பொருந்தும். ஆனால் காசு இல்லாத காலத்தில்தான் நாம் சாப்பாட்டுக்குப் பதில் டீயை நம்புகிறோம், அதனால் சொல்கிறேன்.

வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. டப்பா டீயை இப்போது சின்ன அளவில் வாங்கி, விடுமுறை நாள் காலையில் பால் இல்லாமல் குடிக்கிறேன். மற்ற எல்லாக் கப்பும் கடை பிராண்டுதான். போன வாரம் அந்தப் பொதியின் உறை மாறியிருந்தது, எழுத்தும் நிறமும் புதுசு. உறை மாறும்போது உள்ளே கலவையும் மாறியிருக்கலாம் என்பதால் கிலோவை அலமாரியிலேயே வைத்துவிட்டு, இருப்பதிலேயே சிறிய பொதியை எடுத்து வந்தேன். நாளைக் காலை தராசில் 2 கிராம் நிறுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.